படைக்காத சோறு

என் அம்மா பசியால் சாகவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இரத்தத்தில் சீனி இறங்கிச் செத்தார் என்கிறார்கள். சாப்பாட்டுக் கிடாரத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு வகுப்பறையின் நீளம்தான் இருந்தது. அதனால் பசி என்ற சொல் அவர்களுக்கு வாயில் வருவதில்லை. எனக்கு வரும்.

கொடிகாமத்திலிருந்து உள்ளே போனால், வயல் முடிந்து கடல் நீரேரி தொடங்கும் பள்ளத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. மேட்டு நிலமெல்லாம் முன்னமே யாருக்கோ சொந்தம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு எந்த ஊரிலும் மிஞ்சுவது பள்ளம்தான். அம்மாவின் சொந்தக் காணி வலிகாமம் வடக்கில் இருந்தது. செம்மண் தோட்டமும் கல்வீடும் நல்ல தண்ணீர்க் கிணறுமாக இருந்ததை ஆமிக்காரர் வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். கடைசியில் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம். வீட்டையும் காணோம், கிணற்றையும் காணோம். அம்மா பற்றைக்குள் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "சரி, வா போவம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளமே எங்கள் ஊர் ஆயிற்று.

முப்பது வருடத்துக்கு மேலாக ஓடி ஓடி அம்மாவுக்கு ஒரு கெட்டித்தனம் வந்திருந்தது. வரிசையில் நிற்கத் தெரியும். கோயில் மடம், மாதா கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், தறப்பாள் கொட்டில் என்று எத்தனையோ இடத்தில் நின்று பழகியவர். வரிசையில் முண்டக்கூடாது. கோப்பையை நெஞ்சுக்கு மேலே தூக்கக்கூடாது. பரிமாறுகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும், அகப்பையைப் பார்க்கக்கூடாது. சின்ன வயதில் நான் ஒருமுறை கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்ததற்கு அந்த இடத்திலேயே காதைத் திருகினார்.

"கிடாரத்துக்குள்ளை எட்டிப் பாக்கிறவன்தான் அகதி. நாங்கள் இடம்பெயர்ந்த ஆக்கள்" என்பார்.

இந்த வித்தியாசத்தை அம்மா கடைசிவரை காப்பாற்றினார். அதைத் தவிர அவரிடம் காப்பாற்ற வேறு சொத்தும் இருக்கவில்லை.

புயல் வந்த அன்று தண்ணீர் முதலில் கக்கூசுக்குள்ளிருந்துதான் எழும்பியது. பிறகு வாசலால் வந்தது. என் புருசன் கட்டாரில். வீட்டில் அம்மாவும் நானும் என் மகளும்தான். மகளுக்கு ஐந்து வயது. அவளை நான் இடுப்பில் தூக்கினேன். அம்மா ஒரு சின்னச் சில்வர் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஈரத் துணியால் சுற்றிய இன்சுலின் போத்தலும் ஊசிகளும் இருந்தன. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அதனால் மருந்து எப்போதும் அந்தச் சட்டிக்குள்தான் குளிர்ந்தபடி கிடக்கும். அம்மாவுக்குச் சலரோகம் கனகாலம். கிளினிக் நேர்ஸ் மிஸ் சொன்ன எல்லாவற்றையும் மந்திரம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தார். ஊசி போட்டால் அரைமணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது அதில் முதலாவது.

உழவு மெசின் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கியது. வாசலில் நலன்புரி நிலையம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கீழ்வகுப்புப் பிள்ளைகளின் அறை. சுவரில் அணில், ஆடு, இலை என்று படங்கள். அடுத்த அறைகளிலும் எங்கள் பள்ளத்துச் சனம்தான். சிலர் மாட்டையும் கொண்டுவந்து விளையாட்டுத் திடலில் கட்டியிருந்தார்கள். அம்மா அறை மூலையில் பாயை விரித்து, சட்டியைத் தலைமாட்டில் வைத்து, வீட்டுக்காரி மாதிரி இருந்துவிட்டார். அவருக்கு இது புதிதல்ல. எனக்குத்தான் எரிச்சல். பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் படுக்கிறதுதான் எங்கள் தலைவிதியோ என்று அம்மாவிடமே சீறினேன்.

"இந்தமுறை மழைதானே பிள்ளை. மழைக்கு எங்களிலை கோவமில்லை. ஷெல் மாதிரி இல்லை" என்றார்.

முதலில் ஊர்ப் பெடியள் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். பிறகு சமைத்த சாப்பாடு வந்தது. ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கியதும் எல்லாம் குறைந்துகொண்டு போனது. நான் சொல்கிற அந்த நாள் விடியப் பாண் வரவில்லை. வெறும் தேத்தண்ணி ஊற்றினார்கள், அதற்கும் சீனி இல்லை. மகள் பசியில் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். அம்மா எப்போதும் சீலைத் தலைப்பில் இரண்டு மூன்று டொபி முடிந்து வைத்திருப்பார். சீனி இறங்கித் தலை சுற்றினால் வாயில் போடுவதற்கு. அன்று முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டார்.

"அது உங்கடை மருந்தெல்லே அம்மா" என்றேன்.

"மத்தியானச் சாப்பாடு வெள்ளன வருதாம். நான் இன்னும் ஊசி போடேல்லை. சாப்பாட்டைக் கண்ணாலை கண்டாப் பிறகுதான் போடுவன்."

சரியான யோசனைதான். சாப்பாட்டைக் கண்ணால் கண்டபிறகு ஊசி. இதில் என்ன பிழை பிடிக்க முடியும்? இன்றைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை.

சாப்பாடு வந்தது. தண்ணீருக்குள்ளால் ஒரு லொறி உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பெரிய கிடாரங்களை நாலு நாலு பேராகத் தூக்கி எங்கள் அறைக்குள்தான் இறக்கினார்கள், ஒழுகாத அறை அது ஒன்றுதான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு கிடாரம் நிறையப் பாயாசம். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் மணந்தது. அம்மா அதைக் கண்ணாலும் கண்டார், மூக்காலும் கண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிச் சீலையை விலக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டோடு வந்தது ஒரு முப்பது வயதுப் பெடியன். கையில் கமரா போன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தரும் காசில் இப்படிச் சமைத்துக் கொடுத்து, அதை வீடியோ எடுத்துப் போடுகிறவன். அவனைக் கெட்டவன் என்று எழுதினால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீருக்குள்ளால் வேறு ஒருவரும் வரவில்லை. அவன்தான் வந்தான். இடுப்புவரை நனைந்து, தானும் சேர்ந்துதான் கிடாரம் தூக்கினான்.

கிடாரத்தை வைத்ததும் அவனுடைய ஆட்கள் கரும்பலகைக்கு மேலே ஒரு பனர் கட்டினார்கள். வெள்ளைத் தலைமயிரும் திருநீறுமாக ஒரு பெரியவரின் படம். லண்டனில் செத்தவராம், அன்றைக்கு வருடம் முடிகிற ஆட்டைத் திவசமாம். பிள்ளைகள் அங்கே ஐயரைப் பிடித்துச் செய்ய, சாப்பாட்டை இங்கே வெள்ளத்தில் இருக்கும் சனத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியரின் மேசையை முன்னால் இழுத்து, பெரியவரின் சட்டம் போட்ட படத்தை வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தி, தலைவாழையிலை விரித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சோறு போடப்போகிறார்கள் என்று சனம் கோப்பையோடு எழும்பியது.

"எல்லாரும் கொஞ்சம் இருங்கோ. லண்டனிலை இருந்து மகன் கோல் எடுப்பார். அவர் வீடியோவிலை பாக்கத்தான் படைக்க வேணும். படைச்ச உடனை சாப்பாடு" என்றான் பெடியன்.

சனம் இருந்தது. செத்தவருக்குப் படைக்க முதல் திவசச் சோற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டால் எச்சில். எச்சிலை ஆத்துமா ஏற்காது. அது பசியோடு திரும்பிப் போகும். நாங்கள் ஷெல்லுக்குள் ஓடும்போதும் இதையெல்லாம் விடாதவர்கள். வீட்டை விட்டோம், மாட்டை விட்டோம், செத்தவர்களின் உடம்பைக்கூட ரோட்டோரத்தில் விட்டுவிட்டு ஓடினோம். ஆனால் அடுத்த வருடம் அந்தத் திதியை நினைவு வைத்துப் படைத்தோம்.

கோல் வரவில்லை. புயலில் டவருக்குக் கரண்ட் இல்லை. பெடியன் போனைத் தூக்கிப் பிடித்தபடி யன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தான். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சோற்றின் ஆவி மெல்ல மெல்ல அடங்கியது.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் மற்றவர்களெல்லாம் துவாயால் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். அம்மாவின் மேல்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"அம்மா, என்னெண்டு இருக்கு?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் பதறுது. இப்ப தந்திடுவினம்."

எழும்பிப்போய்ப் பெடியனிடம் கேட்டேன். அடக்கமாகத்தான் கேட்டேன்.

"தம்பி, அம்மா இன்சுலின் போட்டிட்டா. சீனி இறங்குது. ஒரு கைச் சோறு, இல்லாட்டி ஒரு வாய்ப் பாயாசம் தாங்கோ."

அவன் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. "அக்கா, பாயாசம்தான் முதல் படைக்கிறது. அவையள் நல்லாச் சொல்லி விட்டவை, படைக்க முதல் கை வைக்க வேண்டாம் எண்டு. இதோ, கோல் ரிங் போகுது. ஒரு நிமிசம்."

ஸ்டோர் அறையில் சீனி இருக்கிறதா என்று ஓடினேன். பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் அடுத்த முகாமுக்குப் போய்விட்டாராம், தண்ணீர் வற்றினால்தான் வருவாராம். அறை அறையாகப் போய்ச் சீனி, கற்கண்டு, பிஸ்கட், ஏதாவது என்று கேட்டேன். எல்லோரும் என்னைப்போல நனைந்த துணியோடு வந்தவர்கள். ஒருத்தியிடம் புளி இருந்தது. புளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

திரும்பி வந்தபோது அம்மா தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். மகள் அவருடைய மடியில் படுத்திருந்தாள். இனிக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றியது. நேராகப் போய்ப் பாயாசக் கிடாரத்துக்குள் கோப்பையை விட்டு அள்ளினேன். அறை முழுக்க "ஐயோ!" என்றது. ஒரு மனிசி, "படைக்காமலோ?" என்று வாயில் கையை வைத்தாள். பெடியனின் ஆள் ஒருவன் என் கையைப் பிடித்தான். நான் அவனைத் தள்ளிவிட்டேன். பாதி கொட்டுண்டது. மிச்சத்தோடு அம்மாவிடம் போனேன்.

அம்மா வாயைத் திறக்கவில்லை.

"குடியுங்கோ அம்மா."

தலையை மறுபக்கம் திருப்பினார். "படைக்கேல்லை" என்றார். நாக்குக் குழறியது. "அந்த மனிசன் இன்னும் சாப்பிடேல்லை."

"அந்த மனிசன் செத்துப்போச்சு! நீங்கள் உயிரோடை இருக்கிறியள்!"

"சனம் பாக்குது. வெக்கத்தைக் கெடுக்காதை. போய் வரிசையிலை நில்."

கோப்பையை வாயில் வைத்து அழுத்தினேன். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார். கையால் தட்டிவிட்டார். பாயாசம் என் சட்டையிலும் அவருடைய கழுத்திலும் ஓடியது. சீனி இறங்கினால் மனிதர் மூர்க்கமாகிவிடுவார்களாம், என்ன சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாதாம். ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அப்படியானால் பல்லைக் கடித்தது நோயா, அல்லது முப்பது வருடம் அகப்பையைப் பார்க்காமல் நின்ற அந்த மனிசியா? எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டிலும் எனக்குக் கோபம்தான்.

அந்த நேரம் பார்த்துக் கோல் வந்தது.

போனுக்குள் வெளிச்சமான ஒரு வீடு. வேட்டி கட்டிய ஒரு மனிசன், பக்கத்தில் பெண்சாதி, நித்திரைக் கண்ணோடு பிள்ளைகள். லண்டனில் அப்போதுதான் விடிகிறது. பெடியன் போனைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் காட்டினான். படத்தைக் காட்டினான், கிடாரங்களைக் காட்டினான், எங்களைக் காட்டினான். இலையில் சோறும் கறியும் பாயாசமும் படைத்தார்கள். கர்ப்பூரம் காட்டினார்கள். எல்லோரும் எழும்பித் தேவாரம் படித்தார்கள். நான் அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, "ஆராவது வாங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்" என்று கத்தினேன். ஒரு பெரியவர், "தேவாரம் முடியட்டும் பிள்ளை" என்றார். நல்ல மனிசன்தான். எங்கள் வேலியை ஒவ்வொரு வருடமும் அடைத்துத் தருகிறவர்.

போனுக்குள் இருந்த மனிசன் அழுதார். "அப்பா வயிறாறச் சாப்பிட்டிருப்பார்" என்றார்.

பிறகு சோறு போட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, தாராளமாகத்தான் போட்டார்கள்.

அம்மாவை ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தி உழவு மெசினில் ஏற்றினோம். பெடியனும் கூட ஏறினான், தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு வந்தான். வழி முழுக்க, "அக்கா, எனக்கு உண்மையா விளங்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரோட்டைக் கடக்க முடியாமல் சுற்றிப் போனோம். ஆஸ்பத்திரியில் ஊசியும் சேலைனும் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர், "ஊசி போட்டாப் பிறகு சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்பாடு இல்லையோ?" என்றார். இருந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெற்ற தாயைப் பட்டினி போட்ட மகளைப் பார்க்கிற பார்வை அது.

அம்மா பிறகு கண் திறக்கவில்லை. தண்ணீர் வற்றுவதற்கு முன்னமே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் முழங்கால்வரை சேறு. அதனால் செத்தவீட்டைச் சின்னம்மாவின் வீட்டில், நீர்வேலியில் செய்தோம். சின்னம்மா அம்மாவின் தங்கை. வாழைத்தோட்டக்காரரைக் கட்டிக்கொண்டு போனதால் அவர் ஒருநாளும் கொட்டிலில் இருந்ததில்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவும் அங்கேதான். அம்மாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் வெள்ளத்தில் ஊறிப்போயிற்று. கடைசியில் பெடியன்தான் தன் வீடியோவிலிருந்து ஒன்றை வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினான். சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிற முகம். அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போட்டோம்.

எட்டுச்செலவுக்கு அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். சலரோகம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் வைக்காதவையும் அதில் இருந்தன. மோதகம், பயற்றம் பணியாரம், சீனியரியதரம், கதலி வாழைப்பழம், வடை, மீன்குழம்பு, சோறு. தலைவாழையிலை கொள்ளாமல் இரண்டு இலை போட்டார்கள். சுவிசில் இருக்கிற அண்ணையின் முகம் ஒரு செம்பில் சாய்த்துவைத்த போனுக்குள் இருந்து அழுதது. சின்னம்மா எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இலையில் வைத்துக்கொண்டே, "என்ரை அக்கா ஆசைப்பட்டுச் சாப்பிடுறவள்" என்று ஒப்பாரி மாதிரிச் சொன்னார். சடங்கு தெரிந்த பெரியவர் ஒருவர் வரவேண்டியிருந்தது. அவர் வந்துதான் படைப்பது என்றார்கள். சொந்தக்காரர்கள் விறாந்தையில் காத்திருந்தார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. அப்படித்தான் முறை.

மகள் என் மடியிலிருந்து நழுவிப்போய் இலைக்குப் பக்கத்தில் குந்தினாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஒரு வடையைத் தொட்டாள்.

சின்னம்மா அவளுடைய கையில் ஓங்கி அடித்தார். "எடுக்காதை! அம்மம்மா சாப்பிட முதல் தொட்டால் அவ பசியோடை திரும்பிப் போயிடுவா!"

பிள்ளை வீரிட்டு அழவில்லை. அடிபட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பயந்துபோய்ப் பார்த்தாள்.

நான் எழும்பினேன். விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு இலையை அப்படியே இழுத்து மகளுக்கு முன்னால் போட்டேன். பக்கத்தில் நானும் இருந்து, மோதகத்தைப் பிய்த்து அவளுடைய வாயில் வைத்தேன். போனுக்குள் அண்ணை, "என்னடி செய்யிறாய்! விசரே உனக்கு?" என்று கத்தினான். விறாந்தையில் இருந்தவர்கள் வாசலில் வந்து குவிந்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் சோற்றைக் குழைத்து இன்னொரு வாய் கொடுத்தேன். பிள்ளை விழுங்கினாள்.

சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவி! அண்டைக்குத்தான் கொம்மாவைச் சாப்பிட விடாமல் சாகக் குடுத்தாய். செத்த பிறகுமோடி அவளைப் பட்டினி போடுறாய்?"